சாவடியில் நின்ற கல்யாண பஸ்

தம்பி குமாரின் கல்யாணத்தைப் பற்றி எழுதாமல் தையல் மெஷின், ரவிக்கை, ஊக்கு என்று வாரா வாரம் இழுத்துக்கொண்டிருக்கிறேனாம். அவனே போன் போட்டுச் சண்டைக்கு வந்துவிட்டான். சரி, இந்த வாரம் முழுக்க அவனுக்கே. அவன் மானம் கொஞ்சம் போகும். கேட்டு வாங்கிக்கொண்டது அவன்தான்.

அன்று காலை வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. பெண் வீட்டு ஊரான கியாக்தானுக்குள் நுழைய இன்னும் பத்து நிமிஷம். எங்கள் கல்யாண பஸ் ஒரு போலீஸ் சோதனைச் சாவடியில் நிற்கிறது. ரோட்டோரப் புழுதியில், பட்டு வேட்டியும் கழுத்தில் மாலையுமாக, இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் கோர்த்துக்கொண்டு மாப்பிள்ளை குத்த வைத்து உட்கார்ந்திருக்கிறான். பஸ்ஸில் நாற்பது பேர். என் மடியில் சீர்வரிசைத் தட்டு. தேங்காய் உருண்டு கீழே விழுந்ததைக்கூட நான் பார்க்கவில்லை.

முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். அப்போது மணி ஒன்பதே கால்.

முன் சீட்டு

அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தோம் என்பதற்கு முன்னால் எங்கள் ஆட்களின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

யாங்கோனில், அதாவது பழைய ரங்கூனில், தமிழர்கள் பஸ் பிடித்து எங்கே போனாலும், கல்யாணமோ காவடியோ கருமாதியோ, டிரைவருக்குப் பக்கத்து சீட்டு யாருக்கு என்பதை முதலில் முடிவு செய்துவிடுவோம். வயதில் மூத்தவருக்கு இல்லை. காசு போட்டவருக்கும் இல்லை. கூட்டத்தில் யார் பார்க்கப் பர்மாக்காரர் மாதிரி இருக்கிறாரோ அவருக்கு. சாவடியில் பஸ்ஸை நிறுத்தினால் போலீஸ்காரர் முதலில் பார்ப்பது அந்த முகத்தைத்தான். அந்த முகம் பிடித்துப்போனால் பின்னால் இருக்கிற முகங்களை எண்ணாமல் விட்டுவிடுவார். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் எங்கள் பேட்டை பசுந்தாங்கில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

எங்கள் வீட்டுக்கு அந்தக் கவலையே இல்லை. என் புருஷன் கோ மியோ அசல் பர்மாக்காரர். வெளுப்பு நிறம், வட்ட முகம், யாரைப் பார்த்தாலும் சிரிப்பு. நான் அவரைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று சொன்னபோது சொந்தக்காரர்கள் ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. பேச ஆரம்பித்த பிறகு, "அடுத்த வாரம் தன்லின் கோயிலுக்குப் போறோம் ராணி, உன் வீட்டுக்காரரைக் கொஞ்சம் அனுப்பேன்" என்றுதான் பேசினார்கள். ஒரு வருஷத்தில் அவர் போய் வந்த தமிழ்க் கல்யாணங்கள் நான் போனதைவிட அதிகம். சாம்பாருக்கு அப்பளம் வேண்டும், பாயசத்துக்கு வேண்டாம் என்றெல்லாம் தெளிவாகச் சொல்லுவார்.

குமார் அதற்கு நேர் எதிர். நல்ல கறுப்பு. வீட்டில் கருவாயன் என்றுதான் கூப்பிடுவோம். நியாயமாகப் பேசுவதென்றால் எங்களையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். முன்பு அவனைக் கேட்காமலே நாங்கள் பெண் தேடியபோது மூன்று வீட்டில் "மாப்பிள்ளை நிறம் கம்மி" என்று சொன்னவர்கள் யாரும் போலீஸ்காரர்கள் இல்லை. எல்லாம் நம் ஆட்கள்தான். ஆனால் அவர்கள் கையில் தடி இல்லை. அந்த ஒரு வித்தியாசம் உடம்புக்குத் தெரியும்.

அப்பாவின் கன்னம்

எனக்கு அது முதலில் தெரிந்தது பசுந்தாங் மார்க்கெட்டில். அப்பா தள்ளுவண்டியில் காய்கறி விற்றார். பக்கத்திலேயே ஒரு பர்மாக்கார அம்மா மொஹிங்கா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸ் விற்கும். இரண்டு வண்டியும் நிற்கக் கூடாத இடத்தில்தான் நின்றன, தினமும் நின்றன. ஒருநாள் போலீஸ்காரர் வந்தார். அந்த அம்மாவிடம், "வண்டியைக் கொஞ்சம் நகர்த்திக்கம்மா" என்றார். அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. கன்னத்தில் ஓர் அறை.

ஒரே இடம், ஒரே தப்பு. ஒருத்தருக்கு வார்த்தை, ஒருத்தருக்கு அடி. நான் வெண்டைக்காய்க் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அப்பா என்னைப் பார்த்து, "பூச்சி உட்கார்ந்துச்சு, அடிச்சாரு" என்றார். மொஹிங்கா அம்மா மட்டும் வாய்விட்டு அழுதது. அன்றைக்கு எங்களுக்கு இரண்டு கிண்ணம் காசு வாங்காமல் கொடுத்தது. அந்த மொஹிங்காவின் ருசி எனக்கு இன்னும் நாக்கில் இருக்கிறது, கோபமும் கூடவே இருக்கிறது.

பிறகு லைங் தாயாவில் கார்மென்ட் தொழிற்சாலைக்குப் போன வருஷங்களில் இதே கதையைப் பலமுறை பார்த்தேன். தொழிற்சாலை பஸ்ஸை நிறுத்துவார்கள். எல்லோரையும் இறக்குவார்கள். பாதிப் பேரிடம் கேள்வி கேட்பார்கள், பாதிப் பேரிடம் தடியால் கேட்பார்கள். எந்தப் பாதி எது என்பதை இருபது அடி தூரத்திலிருந்தே யாரும் சொல்லிவிடலாம்.

நான் பார்த்த பெண்

குமாரும் லைங் தாயாவில்தான் வேலை பார்த்தான், வேறொரு தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசர். முப்பது வயதாகியும் கல்யாணப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவான். அப்படிப்பட்டவன் ஒருநாள், "அக்கா, நீ பாத்துச் சொல்ற பொண்ணு யாரா இருந்தாலும் சரி" என்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதே வாரம் தரகர் ஒரு போட்டோ கொண்டுவந்தார். தேவிகா. கியாக்தான் பெண். அப்பா கடைத்தெருவில் வலைக்கயிறும் தூண்டிலும் விற்கிறார். பெண் எங்கோ ஆபீசில் வேலை. போட்டோவைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. குமாரிடம் காட்டினேன். அரை நிமிஷம் பார்த்தான். "பரவாயில்ல, உன் இஷ்டம்" என்றான்.

நிச்சயதார்த்தத்தில் அந்தப் பெண் தலையே நிமிரவில்லை. அவளுடைய அம்மா பாக்கியம் அத்தை பெருமையாக, "எம் பொண்ணு வேத்து ஆம்பளை முகத்தை நிமிந்து பாத்தது கிடையாது" என்றார். நானும் பசுந்தாங் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நான் பார்த்த பெண், நான் முடித்த சம்பந்தம். அந்தப் பெருமையில் இரண்டு கிலோ எடைகூடக் கூடினேன்.

"இவன் பேர் என்ன?"

சாவடிக்குத் திரும்புகிறேன். அங்கே பேசியதெல்லாம் பர்மிய மொழியில். நான் தமிழில் சொல்கிறேன்.

பஸ் நின்றதும் அதிகாரி ஒருவரும் கான்ஸ்டபிள் ஒருவரும் வந்தார்கள். கோ மியோ முன் சீட்டிலிருந்து சிரித்தார். "அண்ணே, மப்பொந்தின் காட்டுங்க" என்றார் அதிகாரி. மப்பொந்தின் என்றால் அடையாள அட்டை. கோ மியோ சட்டைப் பையைத் தடவினார். இடுப்பில் கட்டிய லோஞ்சியின் மடிப்பைத் தடவினார். அட்டை நேற்றுப் போட்ட சட்டையில், வீட்டு ஆணியில் தொங்குகிறது.

"மறந்துட்டேன் சயா" என்றார். சயா என்றால் ஐயா.

"கல்யாண அவசரம். பரவாயில்ல, அடுத்த தடவை எடுத்துட்டு வாங்கண்ணே."

எங்களுக்கெல்லாம் மூச்சு வந்தது. ஆனால் அதிகாரி போகவில்லை. பஸ்ஸுக்குள் ஏறி வந்தார். மாப்பிள்ளை என்று நாங்கள் குமாரை நடுவில் ஜோடித்து உட்கார வைத்திருந்தோம். அதுதான் வினை. மாலையும் பொட்டும் அவன் நிறத்தைப் பத்து மடங்கு எடுத்துக்காட்டின.

"ஏய் கலா, இறங்கு."

கலா என்பது இந்திய முகம் உள்ள எவரையும் அங்கே கூப்பிடுகிற சொல். சிலர் சும்மாவும் சொல்லுவார்கள். இவர் சும்மா சொல்லவில்லை.

குமார் தன் அட்டையைக் கொடுத்தான். ஒழுங்கான அட்டை. கோ மியோவிடம் இல்லாதது அவனிடம் இருந்தது. அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, கோ மியோவிடம் சிநேகமாகக் கேட்டார்: "இந்த ஆளு யாருண்ணே?"

"என் மச்சான் குமார்."

"கார்டுல குமார்னு இல்லையே."

இல்லைதான். எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு வீட்டில் ஒரு பெயர், அட்டையில் ஒரு பெயர். நான் வீட்டில் ராணி, அட்டையில் கின் தான். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது டீச்சரம்மா பிறந்த கிழமை பார்த்து ஒரு பர்மியப் பெயர் வைப்பார். அது அட்டைக்குப் போகும். அதற்கப்புறம் அதை யாரும் தொடுவதில்லை.

அதிகாரிக்கு இது தெரியாமல் இருக்காது. தெரிந்தும், "நீங்க எல்லாம் பாக்க ஒரே மாதிரி இருப்பீங்க. ஒருத்தன் கார்டை இன்னொருத்தன் எடுத்துட்டுத் திரியிறீங்க" என்றார். பிறகு பஸ்ஸைப் பார்த்து, "இவன் பேர் என்ன? கார்டுல இருக்கிற பேரை யாராவது ஒருத்தர் சொல்லுங்க, விட்டுடறேன்" என்றார்.

நாற்பது பேர். பிறந்ததிலிருந்து அவனைத் தெரிந்தவர்கள். ஒருவர் குமாரசாமி என்றார். இன்னொருவர், "நாங்க மாப்ளன்னு கூப்பிடுவோம் சயா" என்றார். பின் சீட்டிலிருந்து யாரோ, "கருவாயன்" என்றே சொல்லிவிட்டார். வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்போம்.

எனக்குத் தெரியும். அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அப்பாவோடு போனவளே நான்தான். நான் எழுந்து நின்றேன். செவ்வாய்க்கிழமை பிறந்தவன், அதனால் சோ என்று ஆரம்பிக்கும். சோ மின்... அதற்கு மேல் வாய் வரவில்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். "சோ மின் டுன்" என்றேன்.

"கூடப் பிறந்த அக்காவாம்" என்று சொல்லி அதிகாரி சிரித்தார். தடியைச் சுழற்றிக் குமாரின் முழங்காலுக்குப் பின்னால் ஓர் அடி அடித்தார். அவன் மடங்கி உட்கார்ந்தான். கையைத் தலைக்குப் பின்னால் வைக்கச் சொன்னார். வைத்தான்.

என் வாயால்தான் அந்த அடி விழுந்தது என்று நினைத்தேன். பிறகு எத்தனையோ முறை குமார் சொல்லிவிட்டான்: "நீ சரியாச் சொல்லியிருந்தா வேற எதுக்காச்சும் அடிச்சிருப்பான்க்கா." அது எனக்குப் புரிகிறது. ஆனாலும் அன்றிலிருந்து அவன் அட்டைப் பெயரைத் தினமும் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன்.

கோ மியோ உட்கார்ந்தார்

என் புருஷன் ஒரு காரியம் செய்தார். பஸ்ஸிலிருந்து இறங்கினார். பட்டு லோஞ்சியைத் தூக்கிக் கட்டினார். குமாருக்குப் பக்கத்தில் போய்க் குத்த வைத்து உட்கார்ந்து, கையைத் தலைக்குப் பின்னால் கோர்த்துக்கொண்டார்.

"நீங்க எதுக்குண்ணே உட்காருறீங்க? எழுந்திருங்க" என்றார் அதிகாரி.

"அவன்கிட்ட கார்டு இருக்கு. என்கிட்ட அதுவும் இல்ல. என்னையும் விசாரிங்க சயா."

"விளையாடாதீங்கண்ணே. போய் டீ குடிங்க."

"விசாரிச்சப்புறம் குடிக்கிறேன்."

அதிகாரி தடியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். அவ்வளவுதான். அது கோ மியோ பக்கம் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. நாற்பது பேரும் அதைப் பார்த்தோம். கான்ஸ்டபிளும் பார்த்தார், பார்த்துவிட்டுத் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் அதிகாரி என்னிடம், "போற ஊர்லேருந்து யாராவது வந்து பொறுப்பு எடுத்துக்கட்டும்" என்றார். நான் பெண்ணின் அப்பாவுக்குப் போன் போட்டேன். எடுத்தது தேவிகா. அப்பா வெற்றிலைத் தட்டோடு வாசலில் நிற்கிறாராம்.

நான் அழாமல் சொல்லத்தான் பார்த்தேன். முடியவில்லை. "பேரு மறந்துபோச்சும்மா, அதுக்கு அடிச்சிட்டான்" என்றேன்.

"எந்தச் சாவடி?" என்று கேட்டாள். பிறகு, "நான் வரேன் அண்ணி" என்றாள். போன் கட்.

சிவப்புச் சேலை

யாங்கோன் நகரத்துக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கூடாது. ஆற்றைத் தாண்டி கியாக்தான் பக்கம் ஓட்டலாம். அந்தச் சட்டத்தை இயற்றிய மகராசன் நன்றாக இருக்கட்டும்.

பத்து நிமிஷத்தில் புழுதி கிளம்பியது. அவளுடைய தாய்மாமன் பைக்கை ஓட்டி வந்தார். பின்னால் சிவப்புக் கூறைப்புடவையில் கல்யாணப் பெண். ஒரு கையால் மாமனைப் பிடித்திருந்தாள், மறு கையால் நெற்றிச்சுட்டியை அழுத்திப் பிடித்திருந்தாள். முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிய புடவை. காலில் ரப்பர் செருப்பு. தலை நிமிராத பெண் என்று நான் பசுந்தாங் முழுக்கச் சொன்ன பெண்.

இறங்கினாள். குமாரைப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோ மியோவைப் பார்த்தாள். நேராக அதிகாரி முன்னால் போய் நின்றாள்.

"யாரு நீ?"

"கல்யாணப் பொண்ணு."

அதிகாரி அட்டையை அவளுக்குத் தெரியாமல் திருப்பிப் பிடித்தார். "இவன் பேர் என்ன?"

"சோ மின் அவுங்" என்றாள். மூச்சு விடவில்லை. அவன் அப்பா பெயரைச் சொன்னாள். பிறந்த தேதியைச் சொன்னாள். அட்டை நம்பரை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை, பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற வேகத்தில் சொன்னாள். ரத்த வகை சொன்னாள். உயரம் சொன்னாள்.

"அடையாளம்?" என்று கேட்டார் கான்ஸ்டபிள். அவருக்கு ஆர்வம் வந்துவிட்டது.

"வலது காதுக்குப் பின்னால மச்சம்."

கான்ஸ்டபிள் போய்க் குமாரின் காதை மடக்கிப் பார்த்தார். "இருக்கு சயா!" என்று கத்தினார். எங்கள் பஸ் முழுக்கக் கைதட்டியது. மேளக்காரர் பழக்கதோஷத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, வாய் சிரிக்கிறது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நிச்சயதார்த்தத்தில் ஒரே ஒரு தடவை, அதுவும் தரையைப் பார்த்தபடியே அவன் முன்னால் வந்து நின்ற பெண்ணுக்கு இவ்வளவும் எப்படித் தெரியும்?

நான் குமாரைப் பார்த்தேன். அடி வாங்கியபோதுகூட என்னை நேராகப் பார்த்தவன், இப்போது தலையைக் குனிந்துகொண்டான்.

தேவிகா வேலை பார்த்த "எங்கோ ஆபீஸ்" அவன் தொழிற்சாலை ஆபீஸ்தான். ஆட்களின் அட்டை விவரங்களைப் பதிவு செய்கிற கிளார்க். மூன்று வருஷமாக அவள் அவனைச் சோ மின் அவுங் என்றுதான் கூப்பிட்டு வந்திருக்கிறாள். உலகத்திலேயே அவனை அந்தப் பெயரால் கூப்பிடுகிற ஒரே தமிழ்ப் பெண். தரகரை என் வீட்டுக்கு அனுப்பி வைத்ததும் இவர்கள் இரண்டு பேரும்தான். நான் பார்த்த பெண்! இரண்டு கிலோவும் அங்கேயே இறங்கிவிட்டது.

அதிகாரி அட்டையைக் குமாரிடம் நீட்டினார். பிறகு கோ மியோவின் தோளைத் தொட்டு, "தொந்தரவுக்கு மன்னிச்சுக்குங்கண்ணே" என்றார்.

மன்னிப்பு அடி வாங்காதவருக்கு. கோ மியோவால் எழுந்திருக்கவே முடியவில்லை, இரண்டு காலும் மரத்துப்போயிருந்தன. நானும் தாய்மாமனும் கைகொடுத்துத் தூக்கினோம்.

பத்தரைக்குப் பத்து நிமிஷம்

கோயிலில் பாக்கியம் அத்தை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். சேதி எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது.

"ஏன்டி, காதுக்குப் பின்னால என்ன இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"அது கார்டுலயே எழுதியிருக்கும்மா."

"கார்டுல எழுதியிருந்தா மனப்பாடம் பண்ணணுமா?"

மண்டபமே சிரித்தது. திட்டிக்கொண்டே அத்தை மகளின் நெற்றிச்சுட்டியை நேராக வைத்தார். பிறகு குமாரின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "வலிக்குதா மாப்ளே?" என்று கேட்டார். அந்த அத்தைதான் நிச்சயதார்த்தத்தன்று நிறம் கம்மி என்று முணுமுணுத்தவர். கல்யாணத்தன்றிலிருந்து அவரை எனக்குப் பிடிக்கும்.

குருக்கள் அவசரப்படுத்தினார். "உட்காருங்கோ, உட்காருங்கோ, பத்து நிமிஷம்தான் இருக்கு."

குமார் மணையில் உட்காரப் போனான். பாதியில் நின்றுவிட்டான். முழங்கால் வீங்கி மடங்கவில்லை. மறுபடி முயற்சி செய்தான். முகம் வெளிறியது. கூட்டத்தின் சிரிப்பு அப்படியே அடங்கியது.

தேவிகா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"நின்னுக்கிட்டே கட்டட்டும் சாமி."

"அது வழக்கமில்லையேம்மா."

"அவரை அடிச்சது மட்டும் வழக்கமா?" என்றாள்.

குருக்களும் எழுந்தார். கோ மியோ எழுந்தார், பாக்கியம் அத்தை எழுந்தார், மண்டபத்தில் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் எழுந்தார்கள். மேளம் கொட்டியது. என் வாழ்நாளில் அப்படி ஒரு கெட்டிமேளம் நான் கேட்டதில்லை.

முதல் முடிச்சைக் குமார் போட்டான். அடுத்த இரண்டும் நாத்தனார் முடிச்சு, என்னுடையது. தேவிகாவுக்குப் பின்னால் போய் நின்று மஞ்சள் கயிற்றைப் பிடித்தேன். வருஷக்கணக்கில் ஊசி பிடித்த கைதான். அன்றைக்கு ஒரு முடிச்சுப் போட வரவில்லை. காலையில் பேரை மறந்தவள் இப்போது இதையும் கெடுக்கப் போகிறேன் என்று பயந்தேன். குமார் ஒற்றைக் காலில் ஆடிக்கொண்டு நிற்கிறான், எங்கே விழுந்துவிடுவானோ என்று அது வேறு.

தேவிகா திரும்பாமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"நிதானமாக் கட்டுங்க அண்ணி. மாலைக்கு அடியில அவர் கையை நான் பிடிச்சிருக்கேன். விழ மாட்டாரு."